பந்தலுக்குப் பொன்னாடை

ஸ்காபரோவில் கோடை வந்தால் தமிழர் வீட்டுப் பின்வளவுகளில் பாகலும் புடலையும் படரும். செப்டம்பரோடு கதை முடிந்துவிடும். எங்கள் பந்தலில் மட்டும் நிரந்தரக் குடியிருப்பாளர் ஒருவர் இருக்கிறார். பாஸ்போர்ட் பெயர் அக்டினிடியா அர்குட்டா. கடையில் கூப்பிடுவது ஹார்டி கிவி. பூர்வீகம் ஜப்பான், கொரியா, வடசீனா, ரஷ்யாவின் கிழக்கு மூலை. பழம் பெரிய முந்திரிகைப்பழம் அளவுதான். தோலில் மயிர் கிடையாது. சீவாமல் அப்படியே வாயில் போடலாம். இந்தக் கடைசிச் செய்திதான் என்னை வாங்க வைத்தது. எங்கள் வீட்டில் பழம் சீவுவது என் வேலை.

மைனஸ் 30 பாகைக் குளிரையும் தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. பொய்யில்லை, உறங்கும்போது தாங்கும். ஏப்ரலில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயிலடித்தால் ஐயா கண்விழித்துத் துளிரை நீட்டிவிடுவார். பிறகு மே மாதத்தில் ஒரேயோர் உறைபனி போதும், அத்தனையும் வேகவைத்த கீரையாகத் தொங்கும். விக்டோரியா தினத்துக்கு முன் தக்காளிக் கன்றையே வெளியில் வைக்காத ஊரில் இவருக்கு அப்படியென்ன அவசரமோ! அதனால் மே மாத இரவுகளில் எங்கள் படுக்கை விரிப்புகள் பந்தலில்தான் கிடக்கும். "பொன்னாடை போர்த்தியாச்சோ?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும்.

ஒரு கோடைக்குள் ஒரு கிளை பதினைந்து இருபது அடி ஓடும். குளிர்காலத்தில் ஒருதரம், கோடையில் இரண்டு மூன்றுதரம் கவாத்துப் பண்ணவேண்டும். சாறு ஏறும் காலத்தில் வெட்டினால், வெட்டுவாயில் நாட்கணக்காகத் தண்ணீர் சொட்டும். ஜப்பானின் ஈயா பள்ளத்தாக்கில் இந்தக் கொடியால் 45 மீட்டர் நீளத் தொங்குபாலமே கட்டியிருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கொருமுறை புதுக்கொடி மாற்றுவார்களாம். இப்போது பாதுகாப்புக்கு உள்ளே இரும்பு வடமும் உண்டு. இதெல்லாம் தெரியாத மச்சான் புடலங்காய்க் கணக்கில் பந்தல் போட்டுத் தந்தான். சீக்கிரமே பந்தல் கொடியில் தொங்கத் தொடங்கியது.

இந்த இனத்தில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஓர் ஆண் ஆறெட்டுப் பெண்களுக்குக் காணும். ஆனால் பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது, பூக்கவோ வருடக்கணக்காகும். நான் வாங்கிய சோடியில் ஒன்றுக்குப் பெண் என்று அட்டை கட்டியிருந்தார்கள். ஒரு ஜூன் மாதம் பூத்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். பெண் பூவென்றால் நடுவில் வெள்ளைக் குஞ்சம் விரிந்திருக்கவேண்டும். இரண்டிலும் கறுத்த மகரந்தப் பைகள்தான், குஞ்சத்தைக் காணவில்லை. விற்ற இடத்தில் கேட்டேன். "நல்லாத்தானே வளர்ந்திருக்கு?" என்றார்கள்.

வேறிடத்தில் அனானஸ்நயா என்றொரு பெண் கொடி வாங்கி நட்டேன். உடனே அயலட்டைப் பூனைகளெல்லாம் வந்து சேர்ந்தன. இந்தக் குடும்பத்துக் கொடிகளின் வாசனை பூனைக்குக் கள்ளுக் குடித்த மாதிரி. இதன் ஒன்றுவிட்ட சகோதரமான மட்டடபியை ஜப்பானில் பூனைகளுக்கென்றே விற்கிறார்கள். கன்றைக் கடிப்பதும் அதன் மேல் உருள்வதுமாக ஒரே கும்மாளம். கடைசியில் கோழிவலையால் கூடு கட்டிக் காப்பாற்றினேன்.

ஒருவழியாக ஒரு செப்டம்பரில் பழமும் வந்தது. ஒன்றை வெட்டிப் பார்த்தேன், விதை கறுத்திருந்தது. மிச்சத்தைப் பறித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கனியவிட்டோம். நல்ல தித்திப்பு. மனைவியே இரண்டாவது தரம் கை நீட்டினாள். அந்தத் தைரியத்தில், இருக்கிற இரண்டு ஆண்களுக்கும் கணக்குப்படி இன்னும் ஒரு டசின் பெண் கொடி வைக்கலாம் என்றேன்.

அவள் எழுந்துபோய்ப் படுக்கை விரிப்பு அலுமாரியைப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மச்சான் இப்போது தொலைபேசியே எடுப்பதில்லை.