பங்க்கைக் கடந்து போகும் சுகம்

கே: கச்சா எண்ணெய் விலை ஏறினால் பெட்ரோல் ஏறுகிறது. இறங்கினால் மட்டும் ஏன் இறங்குவதில்லை?
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

ப: இறங்கத்தான் செய்கிறது. நம் கைக்கு வருமுன் வழியில் ஆள் நிற்கிறது. 2020 ஏப்ரலில் அமெரிக்க முன்பேரச் சந்தையில் கச்சா எண்ணெய் பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. அடுத்த மாதமே மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி கூட்டி, இறங்க வேண்டியதை இறங்காமல் பிடித்துக்கொண்டது. 2021 ஜூலையில் சென்னையில் லிட்டர் நூறைத் தாண்டியது. பிறகு மாநில அரசு 3 ரூபாய், மத்திய அரசு 5, அப்புறம் 8 என்று வரியைக் குறைத்தன. கூட்டும்போது ஓசை வராது. குறைக்கும்போது பேட்டி வரும்.

கே: சைக்கிளுக்கு மாறினால் மாதம் எவ்வளவு மிச்சமாகும்?
– கணக்கர், ஈரோடு

ப: ஆபீஸ் 3 கிலோமீட்டர் என்று வையுங்கள். போக வர 6. லிட்டருக்கு 45 கொடுக்கும் ஸ்கூட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால், 26 வேலை நாளுக்கு 350 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 7,000 ரூபாய் சைக்கிளின் முதலை எடுக்க 20 மாதம் ஆகும். அவசரப்பட்டுப் பணக்காரர் ஆகிவிட மாட்டீர்கள்! அதே தூரத்தை லிட்டருக்கு 15 கொடுக்கும் காரில் தனியாளாகப் போகிறவருக்கு ஏழு மாதத்தில் முதல் திரும்பிவிடும். அவர்தான் மாற மாட்டார்.

கே: சைக்கிளில் போனால் ஆபீஸ் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்துகிறாரே?
– வாசகர், கோவை

ப: கியர் சைக்கிள், கூலிங் கிளாஸ், ஹெல்மெட் சகிதம் போயிருந்தால் சல்யூட் கிடைத்திருக்கும். கேரியர் வைத்த கறுப்பு சைக்கிளுக்கு, ‘பால்காரரா?’ என்ற விசாரணைதான். வண்டிக்குத் தகுந்த மரியாதை என்று அவருக்குப் பழக்கிவிட்டது நாம்தானே? அநேகமாக அவரே சைக்கிளில்தான் வேலைக்கு வருவார். எங்கே நிறுத்துகிறார் என்று கேட்டு, நீங்களும் அங்கேயே ஸ்டாண்டு போடுங்கள்.

கே: சேலை கட்டிக்கொண்டு சைக்கிளா என்று மாமியார் சிரிக்கிறார்.
– வாசகி, திருவாரூர்

ப: புதுக்கோட்டையைச் சொல்லுங்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். கல் குவாரியில் வேலை பார்த்த பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. மாமியாருக்கு வேண்டுமானால் நீங்களே பின்னால் பிடித்துப் பழக்கிவிடுங்கள். சிரிப்பு இடம் மாறும்.

கே: பெட்ரோலே இல்லாமல் ஓர் ஊர் ஓடுமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

ப: ஓடியிருக்கிறது. 1990-களில் இலங்கை அரசின் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளும் பேட்டரியும் வருவது நின்றது. துளி பெட்ரோலில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மற்றதற்கெல்லாம் சைக்கிள். அதைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். ஆனால் அது வேறு வழியில்லாத மக்களின் சாமர்த்தியம். பெருமையாகச் சொல்லி நம் அரசுகளுக்கு யோசனை கொடுத்துவிடாதீர்கள்.

கே: பரணில் கிடக்கும் பழைய சைக்கிள் தேறுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ப: முதலில் காற்றடித்துப் பாருங்கள். நிற்காவிட்டால் டியூபைக் குறை சொல்லாதீர்கள். வால்வு டியூப் இற்றுப்போயிருக்கும், சில்லறைக் காசு செலவு. அதற்கும் மசியாவிட்டால் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுவார். சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றச் சொல்லுங்கள். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது தலைக்கு.

கே: எல்லாம் சரி, ரோட்டில் சைக்கிளுக்கு இடம் எங்கே?
– வாசகர், சென்னை

ப: வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இப்போது அங்கே மணல், ஃபிளெக்ஸ் தட்டி, நிறுத்திவைத்த கார்கள். நெதர்லாந்துக்காரர்களுக்கும் சைக்கிளுக்கான இடம் சும்மா வந்துவிடவில்லை. சாலையில் பிள்ளைகள் சாவதை எதிர்த்து 1970-களில் பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்கே தடை வந்தது. அதன் பிறகுதான் சைக்கிள் பாதைகள் பெருகின. இங்கே பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் அரசுக்கு, அதை ஓட்ட நாலடி ஓரம் கொடுக்கத் தோன்றவில்லை. பெட்ரோல் விலையைக் குறைக்க உங்கள் கவுன்சிலரால் முடியாது. பள்ளிக்கூடச் சாலையில் அந்த நாலடியைக் காலி செய்ய முடியும். அடுத்த வார்டு கூட்டத்தில் அதைக் கேளுங்கள்.