தரைக்கொரு திரவம்

பாண்டி பஜாரில் ஒரு பெரிய கடைக்குள் பிரவேசித்து, “வீடு துடைக்க ஏதாவது கொடுங்கள்” என்று வெள்ளை மனத்தோடு கேட்டுவிட்ட கிருஹஸ்தர், தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, அடுப்பு மேடைக்கு ஒன்று, கழிவறைப் பீங்கானுக்கு ஒன்று என வர்ணாசிரம தர்மம் வழுவாமல் அணிவகுத்த திரவங்களின் சந்நிதியில், எதை எதன்மேல் ஊற்றினால் அபசாரமாகுமோ என்று திகைத்து நிற்பது நித்திய காட்சி. புட்டிதோறும் எலுமிச்சம்பழச் சித்திரம் உண்டு. பழம் மட்டும் வாசலில் திருஷ்டிக்குக் கட்டப்பட்டிருக்கிறது.

மயிலாப்பூர் மாட வீதி வீடுகளிலோ, ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்தெறியும் புளிச்சக்கை, தன்னுள் எஞ்சிய டார்டாரிக் அமிலத்தின் பிரபாவத்தால் குத்துவிளக்கின் கறுப்பைக் கரைத்துப் பொன்னிறம் காட்டிவிடுகிறது. அதன் எண்ணெய்ப் பிசுக்குக்குச் சீயக்காய்த்தூள், பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டை, மீதிக்குப் பினாயில். கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னன்ட் 1799இல் காப்புரிமை பெற்ற பிளீச்சிங் பவுடரை, வெள்ளம் வடிந்ததும் மாநகராட்சி ஊழியர்கள் தெருவோரத்தில் இலவசமாகவே தூவிச் செல்வதனால், அதற்கு அந்தஸ்து கிடையாது. (அதனோடு ஆசிட்டையும் கலக்கும் சாமர்த்தியசாலிக்கு முதலில் கிடைப்பது குளோரின் வாயு, சுத்தம் அப்புறம்.)

எங்கள் தெரு மாமி ஒருவர், அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளை வாங்கிக் குவித்த அத்தனை புட்டிகளையும் அலமாரியில் கௌரவமாக அடுக்கி, அவற்றின்மேல் படியும் தூசியை வெள்ளிக்கிழமைதோறும் பழைய வேட்டித் துணியால் துடைத்து வருகிறார்.