கணக்கப்பிள்ளையை இறக்கிவிடும், மருமகன்

வாரும் மருமகன், இரும். உந்தத் தொப்பியைக் கழட்டி வையும். எங்கட முற்றத்தில தலையில தேங்காய் விழுற மரம் ஒண்டும் இப்ப இல்லை. பிரம்புக் கதிரையில மட்டும் இருக்காதையும். உடம்போட ஒட்டின உந்தக் காற்சட்டை ஆணியில கொளுவிக் கிழிஞ்சா, புதுசு வாங்கித்தர எனக்கு வழியில்லை. அதின்ர விலையைக் கொம்மா, என்ர தங்கச்சி, சொன்னவ. ஒரு அந்தர் நெல்லு வித்தாலும் காணாதாம்.

என்ன சொன்னீர்? சைக்கிள் ஓட முந்தியப் போல ருசியா இல்லையோ? நல்ல கதை. 21 கியர் வைச்ச சைக்கிள், தண்ணிப் போத்தலுக்கு ஒரு கூடு, பின்னால மினுங்கிற சிவப்பு லைற், ஹாண்டிலுக்கு நடுவில போன். அந்தப் போன் வழி நெடுகக் கதைச்சுக்கொண்டே வருது: எத்தினை கிலோமீற்றர், என்ன வேகம், நெஞ்சு எத்தினை தரம் அடிக்குது, போன கிழமையை விட இண்டைக்கு எவ்வளவு மோசம். நான் அதுக்கு வைச்ச பேர் கணக்கப்பிள்ளை. சூடு அடிக்கிற களத்தில அவரைக் கண்டிருப்பீர்தானே. கதிரும் சுமக்கார், வைக்கோலும் உதறார். கொப்பியும் பென்சிலுமா நிண்டு மூடை எண்ணிப்போட்டு, எல்லாருக்கும் முதல் சோத்துக்குக் குந்துவார். அவரை ஹாண்டிலில ஏத்திக்கொண்டு போனா உழக்கிறவருக்கு எப்பிடி ருசிக்கும்?

நீர் பிறந்தது கந்தளாய்க் குளக்கட்டு உடைச்ச 1986இல. நீர் சைக்கிள் பழகின காலம் எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு. கொப்பற்ற ராலே. சீற்றில இருந்தா உமக்குக் கால் எட்டாது. பாருக்குக் கீழால ஒரு காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் சரிச்சுக்கொண்டு ஓடுவீர். உம்மைச் சந்தோசத்துக்கு ஓடச் சொல்லி ஆர் அனுப்பினது? ஒருத்தரும் இல்லை. கொம்மா மீனுக்கு அனுப்புவா. கிண்ணியாவில இருந்து பெட்டி கட்டின சைக்கிளில மீன்காரக் காக்கா சந்திக்கு வருவார். போய்வர அரை மணித்தியாலம் காணும், நீர் ஒண்டரை மணித்தியாலம் எடுப்பீர். வாய்க்கால் கட்டால ஒரு சுத்து, எருமை குளிக்கிற மடுவடியில ஒரு நிப்பு, கூட்டாளியோட ஒரு றேஸ். மீன் நாறத் தொடங்கும், வீட்டில அடி விழும். அடுத்த நாளும் அதே கூத்துத்தான். அந்த மிச்ச ஒரு மணித்தியாலத்தைத்தான் மருமகன் நீர் இப்ப காசு குடுத்துத் தேடுறீர்.

அது சண்டைக்காலம் எண்டதையும் மறக்காதையும். சோதனைச் சாவடி வந்தா இறங்கி உருட்டோணும். அடையாள அட்டையைப் பல்லில கடிச்சுக்கொண்டு, ரெண்டு கையாலயும் சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு போன சனம் நாங்கள். இஞ்ச இருந்து திருகோணமலைக்கு ஏறக்குறைய 15 மைல். அதில ஓடினது எவ்வளவு, உருட்டினது எவ்வளவு எண்டு இப்ப சொல்ல ஏலாது. அப்பிடியிருந்தும் சைக்கிள் கசக்கேல்ல.

கசந்தது சண்டை முடிஞ்ச பிறகு. 2009 மேயில வெடி ஓய்ஞ்சுது, ஒக்ரோபரில கிண்ணியாப் பாலம் திறந்தினம். அதுக்கு முதல் துறையில பாதைப் படகுக்குக் காத்து நிண்டு, சைக்கிளைத் தூக்கி ஏத்தி, அக்கரையில தூக்கி இறக்கி, இடுப்பு விட்டுப்போகும். பாலம் வந்தது நல்ல காரியம், அதில பகிடி இல்லை. பாலத்துக்குப் பின்னாலேயே லீசிங்காரரும் வந்தினம். நீர் ஒரு கையெழுத்து வைச்சீர், மோட்டச்சைக்கிள் வந்துது. பேந்து, கூப்பிட்டாக் கேக்கிற தூரத்துக் கடைக்கும் அதை உதைச்சு எழுப்பிக்கொண்டுதான் போனீர். கொப்பற்ற ராலே கோழிக்கூட்டுக்குப் பின்னால போச்சு. கரியரில ஒரு பேடு அடைக்கிருந்து குஞ்சும் பொரிச்சுது. அந்தக் காலத்தில அந்தச் சைக்கிளால பிரியோசனம் கண்டது அது மட்டும்தான்.

பிறகு வந்துதே 2022! யூன் 26இல ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. விலை இருந்து என்ன, சாமான் இல்லை. அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எண்டு அறிவிச்சுப்போட்டினம். நீர் வரிசையில பாய் போட்டுப் படுத்தீர். எங்க? சீனன்குடாவில! வெள்ளைக்காரன் கட்டின 99 எண்ணெய்த் தாங்கி காட்டுக்குள்ள நிக்கிற ஊரில, அதிலயும் முக்காவாசிக்கு மேல வெறுங்கோதா நிக்கிற ஊரில, ஒரு போத்தில் பெற்றோலுக்கு நுளம்புக்கடி பட்டுப் படுத்திருந்தீர். யூலையில பெற்றோல் பங்கிடக் கியூஆர் முறை வந்துது. மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். கந்தோருக்குப் போய்வரவே காணாது, பிள்ளையை ரியூசனுக்கு எதில ஏத்துறது?

அப்பதான் கோழியைக் கலைச்சுப்போட்டு ராலேயை இழுத்து எடுத்தீர். நாட்டில டொலர் இல்லை, ரயரும் ரியூபும் யானை விலை. ஒட்டுக்கு மேல ஒட்டுப் போட்டு ஓடினீர். ஒரு நாள் பின்னேரம் சேட்டுப் பிழிய வேர்வையோட இந்த முற்றத்தில வந்து இறங்கி என்ன சொன்னீர் தெரியுமோ? “மாமா, களப்புப் பக்கம் எவ்வளவு கொக்கு நிக்குது!” எண்டீர். பத்துப் பன்னிரண்டு வரியம் அதே றோட்டால மோட்டச்சைக்கிளில போய்வந்த மனிசன்! கொக்கு 2022இலதான் வந்து குடியேறினது எண்டு நினைச்சீர் போல. நான் சிரிக்கேல்ல. உம்மட முகத்தில மீனுக்குப் போன பெடியன்ர களை இருந்துது.

எண்ணெய் திரும்பி வந்துது, 2023 செப்டெம்பரோட கியூஆரும் போச்சு, உம்மட களையும் போச்சு. ஆனா அந்த ருசி நாக்கில ஒட்டிக் கிடந்துது. அதை விலைக்கு வாங்கலாம் எண்டு நினைச்சு, கொழும்பில இருந்து இந்த 21 கியரை இறக்கினீர். இதில என்ன குறை எண்டு சொல்லவோ? இதில உமக்குப் போறதுக்கு ஒரு இடம் இல்லை. விடியப் புறப்பட்டு, முள்ளிப்பொத்தானை மட்டும் உழக்கி, ஒண்டும் வாங்காம, ஒருத்தரோடயும் கதைக்காம, திரும்பி உழக்கி வீட்ட வாறீர். நிண்டு கதைச்சா கணக்கப்பிள்ளை எண்ணுறதை நிப்பாட்டிப்போடுவார் எண்டு நீர்தானே சொன்னனீர்! ஆரோடயோ நிண்டு கதைச்ச நேரத்தைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தை எழுதுற கணக்கு என்ன கணக்கு?

சைக்கிளை வைச்சிருந்த சனம் எல்லாம் ஒரு சோலிக்கு வைச்சிருந்தது, மருமகன். காத்து ரயரை எடுத்துக்கொள்ளும். டன்லப் எண்டவர் அயர்லாந்தில பெல்ஃபாஸ்ரில இருந்த மாட்டு வைத்தியர். தன்ர பெடியன்ர மூண்டு சில்லு வண்டி கல்லு றோட்டில குலுங்குது எண்டு 1888இல றப்பருக்குள்ள காத்தடைச்சுக் குடுத்தார். தேப்பன் மகனுக்குச் செய்த வேலை. அடுத்த வரியமே றேஸ்காரர் அதைப் பிடிச்சிட்டினம். கணக்கப்பிள்ளைமார் அப்பவும் சுறுக்குத்தான்.

யாழ்ப்பாணத்துக் கதை உமக்குத் தெரியும். 90களில பொருளாதாரத் தடை. கறண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோவைப் பூட்டி பிபிசி தமிழோசை கேட்டுதுகள். ஒருத்தர் சுத்துவார், வீடு நிறையச் சனம் காது குடுக்கும். சில்லு ஒரு அடி நகரேல்ல. உம்மட போன் அதுக்குப் பூச்சியம் எண்டுதான் எழுதும்.

தமிழ்நாட்டுப் புதுக்கோட்டையையும் கேளும். கிழவன் பேப்பர் வாசிக்கிறவன், லேசா எண்ணாதையும். 1991, 92இல அங்க அறிவொளி இயக்கம் நடந்துது, கலெக்டரா இருந்தவ ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் படிக்க வந்த பெண்டுகளுக்குச் சைக்கிளும் பழக்கினவை. லட்சத்துக்கு மேல பெண்டுகள் பழகினதாச் சொல்லுகினம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காட்டி ஆம்பிளைச் சைக்கிளிலயே ஏறினதுகள். ஆறு மாதத்தில மெலியிற திட்டம் ஒண்டும் அதுகளிட்ட இல்லை. தண்ணிக் குடம் கட்டோணும், பிள்ளையை ஏத்தோணும், விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோகோணும். பஸ்சுக்கும் புருசனுக்கும் காத்து நிக்கத் தேவையில்லை எண்டு கண்டதில ஒரு சிரிப்பு வரும் பாரும், அது உம்மட இருபத்தோராவது கியரிலயும் வராது.

சோலி எண்டாப் போதும் எண்டும் சொல்ல மாட்டன். ஆற்ற சோலி எண்டும் பாக்கோணும். 1941 டிசம்பரில யப்பான்காரன் மலாயாவில இறங்கி, சைக்கிளில உழக்கி உழக்கி, 1942 பெப்ரவரி 15இல சிங்கப்பூரைப் பிடிச்சான். ரயர் வெடிச்சா வெறும் றிம்மில ஓடினவங்களாம். இராவில அந்தக் கடகடச் சத்தத்தைக் கேட்டு, யுத்தத் தாங்கிதான் வருது எண்டு மற்றப் பக்கம் வெருண்டதாம். அதுக்குப் பிறகு ரெண்டு மாதத்துக்குள்ள, ஏப்ரல் 9இல, இஞ்ச சீனன்குடாவில குண்டு போட்டான். வானத்தால வந்தான், சைக்கிளில வந்திருந்தா எங்கட மணல் றோட்டில பெடல் உடைஞ்சு பாதி வழியில நிண்டிருப்பான். அவனுக்கும் சோலி இருந்துது, இடமும் இருந்துது. ஆனா அது சக்கரவர்த்தியின்ர சோலி. உமக்கு இப்ப உந்தப் போன்தான் சக்கரவர்த்தி.

  

பழசெல்லாம் தேன் எண்டு சொல்லுற கிழவன் நான் இல்லை, கண்டீரோ. நெல்லு மூடையைக் கரியரில கட்டி, ஒரு கையால ஹாண்டிலையும் மற்றக் கையால மூடையையும் பிடிச்சுக்கொண்டு மில்லுக்குத் தள்ளினவனைக் கேளும், சைக்கிளின்ர அருமையைச் சொல்லுவான். கச்சான் காத்துக் காலத்தில திருகோணமலைக்குப் போகேக்க முதுகில தள்ளிவிடும். களைச்சுத் திரும்பி வரேக்க முகத்தில அறையும். அந்த நாளையில எனக்கு ஆரும் ஒரு மோட்டச்சைக்கிள் தந்திருந்தா வேண்டாம் எண்டிருப்பனோ? கும்பிட்டு வாங்கியிருப்பன். ஆனா களைப்பு வீட்ட வந்து தண்ணி வார்க்க முடிஞ்சுபோகும். ராவிலயும் போனைத் திறந்து, காலமை உழக்கினதைப் பாத்துக் கவலைப்படுற வேலை எங்களுக்கு இருக்கேல்ல.

கொப்பர் கொம்மாவைச் சைக்கிள் பாரில ஏத்திக்கொண்டு ஆதிகோணநாயகர் கோயில் திருவிழாவுக்குப் போனவர். கலியாணத்துக்கு முந்தியோ பிந்தியோ எண்டு கேக்காதையும். டைனமோ தேய்ஞ்சு லைற் மங்கல், டபிள்ஸ் வேற. பொலிசு பிடிச்சா ரெண்டு குற்றம். பொலிசைக் கண்டா கொம்மா இறங்கி நடப்பா, கொப்பர் உருட்டுவார். வளைவு தாண்டினதும் பழையபடி ஏறுவா. அந்தப் போக்கின்ர வேகம் என்ன எண்டு கணக்கப்பிள்ளையிட்டக் கேட்டுச் சொல்லும் பாப்பம்.

சரி, யோசினை கேட்டு வந்தனீர், சொல்லுறன். சைக்கிளை விக்க வேண்டாம், அரை விலைக்குத்தான் போகும். போனைக் கழட்டிக் காற்சட்டையில வையும்; வைக்க மடி இல்லையெண்டா வீட்டில வையும். முதல் வேலை, உந்தச் சைக்கிளுக்கு ஒரு கரியர் பூட்டும். சைக்கிள் கடைப் பெடியன் சிரிப்பான். இப்பிடிச் சைக்கிளுக்குக் கரியர் பூட்டினா வடிவு கெட்டுப்போகும், பாரம் கூடும், வேகம் குறையும் எண்டுவான். எல்லாம் உண்மை. பூட்டடா எண்டு சொல்லும். ஒரு மட்காட்டும் சேர்த்துப் பூட்டும். மாரியில உம்மட முதுகில விழுற சேத்துக் கோட்டைத் தோய்க்கிறது என்ர தங்கச்சி.

பிறகு மகளை அதில ஏத்தி ரியூசனுக்குக் கொண்டுபோம். பெரிய றோட்டை விட்டு வயல் பக்கத்தால போம், சுத்துத்தான், போம். எருமை குறுக்க வந்தா நில்லும். அதுக்கு ஹோன் அடிச்சும் பிரியோசனம் இல்லை, உம்மட பெருவிரல்தான் நோகும். ஆரும் தெரிஞ்ச மனிசர் வரம்பில நிண்டா ஒரு காலை ஊண்டி, விதைப்பு எப்பிடி, குளத்துத் தண்ணி எப்ப விடுவினமாம் எண்டு கேளும். உமக்கு வயலைப் பற்றி ஒண்டும் தெரியாது எண்டது அவைக்குத் தெரியும், ஆனாலும் சொல்லுவினம்.

நாளைக்கே துவங்கலாம். இஞ்ச பாரும், எனக்கு ஒரு கூறு வெத்திலை, நாலு கொட்டைப்பாக்கு, பேப்பர், பெரிய சட்டியா ஒரு சட்டி எருமைத்தயிர். றோட்டோரம் வைச்சு விக்கிறதில ரெண்டாவது கொட்டிலில வாங்கும், அங்கதான் தயிர் இறுக்கம். மண்சட்டி, குலுங்கினா வெடிச்சிடும்; வேகம் தானாக் குறைஞ்சிடும், நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. காசோ? நீர் இப்ப குடும், பேந்து பாப்பம். அந்தத் தயிர்க்கார மனிசி ஆருக்கு எண்டு கேட்டா, மாமான்ர பேரை மட்டும் சொல்லிப்போடாதையும். பழைய பாக்கி கொஞ்சம் கிடக்கு.