கந்தையும் பட்டும்

கேள்வி: ஜப்பானில் சின்ன ஊருக்குக்கூட நீண்ட வரலாறு சொல்கிறார்களே, நம் பக்கம் அப்படி ஓர் ஊர் உண்டா?
- ஒரு வாசகர், காஞ்சிபுரம்

பதில்: பட்டுச்சேலை எடுக்கக் காஞ்சிக்கு வந்தவர்கள் எட்டிப் பார்க்காமல் திரும்பும் கூரம் இருக்கிறதே! ஜப்பானின் நாரா 710-இல்தான் தலைநகரானது. அதற்கு முன்பே பல்லவ மன்னர் முதலாம் பரமேசுவரவர்மன் கூரத்தில் சிவனுக்குக் கோயில் எழுப்பி, மண்டபத்தில் பாரதம் வாசிக்கவும் ஏற்பாடு செய்து, செப்பேடு வெட்டிவிட்டார். ஊர் ஏரிக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய். (இன்று வெட்டினால் பாலாற்றில் தண்ணீரைத் தேட வேண்டும்.) இவ்வூர்க் கூரத்தாழ்வான் வீட்டுக் கதவு சாத்தும் ஓசை காஞ்சி வரை கேட்டதாம்; அவர் தம் குரு ராமானுசருக்காகக் கண்களையே இழந்தவர். இங்கே கிடைத்த பல்லவர் கால நடராசர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார்.

செப்பேட்டின் சுவையான இடம் போர்ச்செய்தி. லட்சக்கணக்கான படையோடு வந்த சாளுக்கிய விக்கிரமாதித்தன் கந்தையைப் போர்த்திக்கொண்டு தனியாக ஓடினானாம். பட்டு ஊர்ப் பக்கம் வந்தவனுக்கு இந்தக் கதியா? பொறுங்கள். சாளுக்கியர் தரப்பின் 674-ஆம் ஆண்டு கத்வால் செப்பேட்டில் அதே விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்து, உறையூரில் பாசறையும் போட்டிருக்கிறான். இரண்டு கட்சியும் வெற்றிவிழா கொண்டாடும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது, போஸ்டர்தான் செம்பில்!