நால்வர் கைகோத்தல்: நூற்பாவும் உரையும்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில், கிரேஞ்ச் என்னும் உழவர் சங்க மண்டபங்களில் ஆடப்படும் கான்ட்ரா நடனத்தில் 64 தாள எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று அரை நிமிடத்துக்குச் சற்று மேல். ஆடுவோரை வரிசையில் நிறுத்துவதற்கு ஆகும் காலம் அளவிடற்கரிது. ஜான் பிளேஃபோர்டு 1651இல் லண்டனில் நடன நூல் வெளியிட்டார். நிற்கும் நூல் எவரும் வெளியிட்டிலர். அக்குறை நீக்க நாம் இயற்றியது:

மேலிருந்து எண்ணுக கீழிருந்து அன்றே.

உரை: 'மேல்' என்றது இசைக்குழு இருக்கும் பக்கத்தை. மண்டபத் தரை சமதளம் ஆகலின், மேடு என்று பொருள் கொள்வார் கூற்று போலி. எதிரெதிர் வரிசைகள் நின்றதும், ஆட்டம் சொல்பவர் குரல் கொடுப்பார். மேல்முனையில் இரண்டு இணைகள் கைகோத்து நால்வராகும். அதைக் கண்டு அடுத்த நால்வர், அப்படியே கீழ்வரை. பிந்தி வருவோர் கீழ்முனையில் சேர்வதே மரபு. எனவே மேல்முனை நிலைத்தது, கீழ்முனை வளர்வது. வளர்வதிலிருந்து எண்ணினால் ஒவ்வொரு வரவுக்கும் கணக்கு கலையும். நடுவில் தாமாகக் கைகோப்பவர்களால் இடையே ஓர் இணை அநாதையாகும்.

தாமதிப்போர் மூவகையர். தண்ணீர் குடிப்போர்: குடிக்கட்டும். பேசுவோர்: திருந்தார். இத்தகைய இரட்டை வரிசைகள் மூன்று இருந்தும் நடுவில் உள்ளதற்கே முண்டியடிப்போர்: ஓரத்து இரட்டை வரிசைகளில் இடம் காற்றாடும், இவர்களோ தேர்வடம் பிடிப்பதுபோல் நெருக்குவர்.

இனி, 'அன்றே' என்பதன் ஏகாரம். தேற்றம் என்பர் ஒருசாரார். அசைநிலை என்பர் மறுசாரார். பிரிநிலை என்பதே நம் துணிபு (காண்க: நம் கட்டுரை, அது மேற்கோள் காட்டும் நம் முந்தைய கட்டுரை, அக்கட்டுரை மறுக்கும் நம் ஆய்வேடு, ஒரே படி, கரையான் அரித்தது, அரிபட்ட பக்கமே இவ்விடத்துக்குச் சான்று). நூற்பா சென்ற செவ்வாய்க்கிழமை எழுதப்பட்டதேனும் பாடபேதம் மூன்று உள. 'மெல்ல இருந்து எண்ணுக' என்னும் பாடம் ஏடெழுதியோர் பிழை என்று தள்ளுக, ஏடெழுதியவரும் நாமே. இயற்றியவர் கருத்து வேறு என்று இயற்றியவரே சொல்லினும் கொள்ளற்க. உரைமரபு அதற்கு இடம் தராது.

நால்வர் அமைந்தபின், வயலின்காரர் ஆட்டத்தைத் தொடங்கிவைக்க இழுக்கும் நான்கு தாளத்துக்கு 'உருளைக்கிழங்கு' என்று பெயர். காரணம் தனி நூலில் விரியும்.

இணைகளின் தொகை ஒற்றைப்படையாயின், எஞ்சும் இணை ஒரு சுற்று சும்மா நிற்கும். மேற்கண்ட உரை முழுவதும் அப்படி நின்ற அரை நிமிடத்தில் எழுதியது.