கொரில்லாவுக்கு ஜலதோஷம் பிடிக்கக் கூடாது

அமெரிக்க விசா வாங்கப் போனவர்கள் தங்கள் அனுபவத்தை ஏதோ போர்க்களத்திலிருந்து திரும்பியது போலச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், உலகத்திலேயே கெடுபிடியான ஆசாமி உகாண்டாவில் பிவிண்டி என்கிற காட்டில் தழை தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் மலை கொரில்லா. அவரைப் பார்க்க வேண்டுமென்றால் 15 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு கொரில்லாக் கூட்டத்துக்கு ஒரு நாளைக்கு எட்டே பேர். முகக்கவசம் கட்டாயம். பத்து மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆனதும் கிளம்பிவிட வேண்டும். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டால் காட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். நம் மரபணுவும் அவர் மரபணுவும் ஏறக்குறைய 98 சதவீதம் ஒன்றாம். நமக்கு இரண்டு நாள் மிளகு ரசத்தில் போகிற ஜலதோஷம் அவர் குடும்பத்தையே சாய்த்துவிடக்கூடும்.

ஆப்பிரிக்கா போகலாம் என்றது என் மனைவி. "எல்லாரும் ஸ்விட்சர்லாந்து போய் பனியில நின்னு போட்டோ எடுத்துட்டு வர்றாங்க. நாம கொரில்லா பார்ப்போம்." எனக்கு ஆசை கென்யாவின் மாசாய் மாராவில் சிங்கம் பார்ப்பது. கையில் இருப்பதோ ஒரு வார விடுமுறை. வாட்ஸ்அப்பில் கிடைத்த ஏஜென்ட் ஒருவரிடம், இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்க முடியுமா என்று கேட்டேன். "முடியும் சார், எல்லாம் முடியும்" என்று உடனே பதில் வந்தது. அந்த வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வரைபடத்தில் கென்யாவும் உகாண்டாவும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. தரையில் கதை வேறு. நைரோபியிலிருந்து மாராவுக்குக் காரில் ஐந்தாறு மணி நேரம். என்டெபே விமான நிலையத்திலிருந்து பிவிண்டிக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம். ஏஜென்ட் அனுப்பிய திட்டத்தைக் கூட்டிப் பார்த்தால் மிருகங்களோடு இருக்கிற நேரத்தைவிட ஜீப்போடு இருக்கிற நேரம்தான் அதிகம். வேண்டுமானால் குட்டி விமானத்தில் போகலாம். ஆனால் அதில் ஆளுக்கு 15 கிலோதான். அதுவும் அமுக்கினால் அமுங்குகிற துணிப்பையாக இருக்க வேண்டும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, இரண்டு டின் முறுக்கு என்று மனைவி போட்ட பட்டியலே 15 கிலோவைத் தாண்டியது. இதில் உடுப்பு எங்கே வைப்பது? போதாக்குறைக்கு, கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. மீறினால் அபராதம், சிறை என்று சட்டம் கடுமையாக இருக்கிறது. பொடிப் பொட்டலங்களெல்லாம் மஞ்சப்பைக்கு மாறின.

மஞ்சள் அதோடு விடவில்லை. உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட மஞ்சள் அட்டை வேண்டும். அது இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஊர் விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். அப்படி நடந்தால் ஆப்பிரிக்காவில் இருந்ததும் மீனம்பாக்கத்தில் இருந்ததும் கிட்டத்தட்ட ஒரே கணக்காகிவிடும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

இந்த இடத்தில்தான் சித்தப்பாவின் பயணம் நின்றது. எங்களோடு வருவதாகத்தான் இருந்தார். தினமும் நாகேஸ்வர ராவ் பூங்காவில் எட்டுச் சுற்று நடப்பவர். மலை ஏறுவதெல்லாம் தூசு என்றார். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியை மருத்துவர்கள் யோசித்துத்தான் போடுவார்கள். சித்தப்பாவின் மருத்துவர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். அன்று முதல் சித்தப்பா எங்கள் திட்டத்துக்குத் தணிக்கை அதிகாரி.

"கொரில்லா பார்க்கிற பர்மிட் எண்ணூறு டாலர்னா, நம்ம காசுல எவ்வளவுடா?"

"எழுபதாயிரம் பக்கம் வரும், சித்தப்பா. ஒரு ஆளுக்கு."

"ஒரு மணி நேரத்துக்கு எழுபதாயிரம். நிமிஷத்துக்கு ஆயிரத்து நூத்திச் சொச்சம். ஹைகோர்ட் வக்கீல்கூட இப்படி வாங்கமாட்டார். அவராவது வாயைத் திறந்து ஏதாவது சொல்வார்."

"ருவாண்டாவுல ஆயிரத்தி ஐந்நூறு டாலர், மாமா" என்று மனைவி எடுத்துக்கொடுத்தாள்.

"அது பெரிய கொரில்லாவோ?"

இல்லை. அதே கொரில்லாதான். விருங்கா மலைத்தொடர் உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்றுக்கும் பொது. உகாண்டாவின் மகஹிங்கா பூங்காவிலிருக்கும் ஒரு கூட்டம் அவ்வப்போது எல்லை தாண்டிப் போய்வருகிற வழக்கமுள்ளது. இந்தப் பக்கம் 800 டாலர் பெறுமானமுள்ள கொரில்லா, அந்தப் பக்கம் போய் ஒரு மூங்கில் குருத்தை ஒடித்தால் 1,500. விசா கேட்பாரில்லை, ஊசியும் இல்லை.

விலை அநியாயம்தான். ஆனாலும் இந்த அநியாயத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன். 1980-களின் தொடக்கத்தில் விருங்காவில் எஞ்சியிருந்தவை 250 சொச்சம். ருவாண்டா பக்கத்தில் 1967 முதல் கொரில்லாக்களோடு வாழ்ந்து, கள்ளவேட்டைக்காரர்களோடு மல்லுக்கு நின்ற டயான் ஃபாசி 1985-ல் தன் குடிசையிலேயே கொல்லப்பட்டார். இன்று விருங்காவையும் பிவிண்டியையும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. 2018-ல் இவற்றை அழிவின் விளிம்புப் பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கினார்கள். காவலர், சுவடு பார்ப்பவர் எல்லாருடைய சம்பளத்திலும் பெரும்பங்கு இந்தப் பர்மிட் காசிலிருந்துதான் வருகிறது. ருவாண்டா தன் பூங்கா வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றியிருக்கிற ஊர்களுக்கே கொடுக்கிறது. எனக்கு நெருடுவது வேறொன்று. 1991-ல் பிவிண்டியைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது, காலங்காலமாக அந்தக் காட்டில் வாழ்ந்த பட்வா மக்களை வெளியே அனுப்பினார்கள். அவர்கள் வீட்டுக்குள் நுழையத்தான் நாம் டிக்கெட் வாங்குகிறோம்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எத்தனை மணி நேரம் நடக்க வேண்டும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கொரில்லா ஒவ்வொரு இரவும் புதிதாகப் படுக்கை கட்டும். நேற்றுப் படுத்த இடத்தில் இன்று படுக்காது. சுவடு பார்ப்பவர்கள் விடிகாலையிலேயே நேற்றைய படுக்கையிலிருந்து தடம் பிடித்து, வயர்லெஸ்ஸில் தகவல் சொல்வார்கள். அரை மணியிலும் கிடைக்கலாம், மாலை வரை நடக்கவும் வைக்கலாம். முழுக்கைச் சட்டை, காஞ்சொறிச் செடிக்காகத் தோட்டக்காரர் கையுறை, எறும்பு ஏறாமலிருக்க பேண்ட் காலைச் சாக்ஸுக்குள் செருகுவது என்று ஏஜென்ட் நீளமாக எழுதியிருந்தார். கருநீலமும் கறுப்பும் கூடாது. செட்சி ஈக்குப் பிடித்த நிறங்கள் அவை. என் அலமாரியில் வேறு நிறமே இல்லை.

கொரில்லா நெருங்கி வந்தால்? ஓடக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது, குனிந்து பணிவாக உட்கார வேண்டும். முப்பது வருஷம் அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டியவனுக்கு இதில் தனிப் பயிற்சி எதற்கு?

கடைசியில் மாராவை வெட்டினோம். சிங்கத்துக்கு உகாண்டாவிலேயே குயின் எலிசபெத் பூங்கா இருக்கிறது. அங்கே இஷாஷா பகுதியில் சிங்கம் அத்தி மரத்தில் ஏறிக் காலைத் தொங்கப்போட்டுத் தூங்கும். "சிங்கம் நாளைக்கு இருபது மணி நேரம் படுத்தே கிடக்குமாமே, அதைப் பார்க்கவா இவ்வளவு காசு?" என்று தணிக்கை அதிகாரி ஆட்சேபம் எழுப்பினார். மரத்தின்மேல் தூங்குகிற சிங்கம் என்பதால் அனுமதித்தார். கசிங்கா கால்வாயில் படகில் போனால் நீர்யானை. அங்கிருந்து பிவிண்டி. அவ்வளவுதான், வாரம் முடிந்தது.

நீங்களும் போவதாக இருந்தால் முதலில் பர்மிட்டை வாங்குங்கள், பிறகு விமான டிக்கெட். மண்டபம் கிடைத்த பிறகுதானே நம்மூரில் முகூர்த்தமே குறிக்கிறோம்? ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழை குறைவு. அந்த மாதங்களின் பர்மிட்டுகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும்.