காஹாங் அலுமினியப் படகின் ஒழுகலும் மேற்பூச்சும்: ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்: ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டம், காஹாங். கடலைப் பார்க்க மெர்சிங் போக வேண்டிய ஊருக்குப் படகு எதற்கு என்று வினவும் அறிஞர்களுக்கு இரண்டு விடைகள் உண்டு. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் பெத்தா நுழைவாயிலுக்கு இவ்வூர் வழியாகத்தான் போகிறார்கள். பெத்தாவைத் தாண்டினால் எண்டாவ் ஆறு இருக்கிறது. இரண்டாவது விடை, வடகிழக்குப் பருவமழை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வெள்ளம் ஜொகூரை அடுத்தடுத்து மூழ்கடித்த பிறகு, படகு வைத்திருப்பவரைக் கேலி செய்யும் துணிவு யாருக்கும் இல்லை.

மழையில்லாத மாதங்களில் படகு வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கும். இதை ஆய்வுலகம் ‘கோழிக்காலம்’ எனக் குறிக்கலாம். அப்போது அதன் பயனாளிகள் கோழிகளே. அக்டோபரில் நிமிர்த்தினால் ஒழுகுகிறது. ஏன் என்பதே ஆய்வுச் சிக்கல்.

ஆய்வுமுறை: படகுக்குள் தண்ணீர் வராமல் தடுக்க, முதலில் படகுக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும். கட்டைமேல் ஏற்றி, குழாயைத் திறந்துவிட்டு, வெளியே சொட்டும் இடங்களில் மார்க்கர் பேனாவால் வட்டமிட வேண்டும். பெரும்பாலான வட்டங்கள் ரிவெட்டுகளைச் சுற்றியே விழும்.

இனி, இத்துறையில் நிலவும் மூன்று கட்சிகள்.

வெல்டிங் கட்சி: அலுமினியம் உருகுவது 660 பாகை செல்சியஸில். அதைப் போர்த்திய ஆக்சைடு படலமோ 2,000 பாகையைத் தாண்டித்தான் உருகும். மேல்தோல் அசைவதற்குள் உள்ளிருப்பது ஒழுகிவிடும். இரும்புக் கேட்டு மட்டுமே பற்றவைத்துப் பழகியவரிடம் ஒப்படைத்தால், சிறு துளை சன்னலாகத் திரும்பி வரும்.

பசைக் கட்சி: எப்பாக்சி தடவினால் போதும் என்பர். தளர்ந்த ரிவெட்டை உள்ளும் புறமும் பிடித்து அடித்து இறுக்கிய பிறகு தடவினால் இவர்கள் வாதம் செல்லும். இறுக்காமல் தடவினால் படகு குலுங்கும்போது பசையும் பிளக்கும்.

சாயக் கட்சி: பெரும்பான்மை இதுவே. நீலமா பச்சையா என்று தே தாரிக் ஆறும்வரை விவாதிப்பர். இதற்கிடையே, சுரண்டிப் போட்ட அலுமினியத்தில் காற்றுப் பட்ட கணமே புதிய ஆக்சைடு படலம் படர்ந்துவிடுகிறது. உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் எட்ச் பிரைமரை உடனே அடிக்காவிட்டால், மேலே அடித்த சாயம் தோல் தோலாக உரியும். இரும்புக் கம்பி பிரஷால் சுரண்டுவதும் கூடாது. இரும்புத் துகள் பதிந்து துருவேறும்.

இக்கட்சியில் ஒரு தீவிரப் பிரிவும் உண்டு. கடல் படகுக்கு வாங்கி மிஞ்சிய செப்புச் சாயத்தை மலிவாகக் கொண்டுவருவோர் அவர்கள். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் கூடினால் அரிக்கப்படுவது அலுமினியமே. 1895இல் அமெரிக்கக் கோப்பையை வென்ற ‘டிஃபெண்டர்’ பாய்க்கப்பல் இதற்குச் சான்று: நீர்மட்டத்துக்குக் கீழே வெண்கலம், மேலே அலுமினியம். கடல்நீர் மீதியைப் பார்த்துக்கொண்டது, 1901இல் உடைத்துவிட்டார்கள்.

முடிவு: சாயம் ஒழுகலை நிறுத்தியதாகச் சான்றில்லை, நிறுத்துவது சுத்தியல். சாயத்தை நிற்கவைப்பது சுரண்டல். ஆகவே காஹாங் படகுக்காரர்களுக்கு ஒரு பரிந்துரை: நிறத்தைப் பற்றிய மாநாட்டை பிரைமர் காய்ந்த பிறகு கூட்டுங்கள். அதற்குமுன் கோழிகளுக்கு வேறு கூரை பாருங்கள்.